ஒத்திகையில் யாரும் மயங்கவில்லை

நாலு பேர் கூடும் இடத்தில் ஐந்தாவதாக வந்து சேரும் ஓர் இனம் உண்டு. இவருக்கு அலைவரிசைக் காவலர் என்று பெயர் வைக்கலாம். காற்றில் போகிற பேச்சு எல்லாருக்கும் பொதுவானது, அதை அளந்து பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழக்கூடாது என்று யாரும் மறுக்க முடியாத கொள்கை ஒன்றை இவர் வைத்திருப்பார். அந்தக் கொள்கையைக் காலையிலிருந்து மாலைவரை அதே காற்றில் எடுத்துச் சொல்லிக்கொண்டும் இருப்பார். மற்றவர்கள் பேசுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

இவரை உங்களுக்குத் தெரியும். வீட்டில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "யாரு வீடியோ பாக்குறது? நிப்பாட்டு, லைன் ஸ்லோவாகுது" என்று மாடியைப் பார்த்துக் கத்துவார். எவ்வளவு ஸ்லோ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சோதனை ஓட்டிப் பார்ப்பார். அந்தச் சோதனை ஓடும் நேரமெல்லாம் லைன் முழுவதையும் அதுவே குடித்துவிடும் என்பதை யார் போய் அவரிடம் சொல்வது? குழாயில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வாளி வாளியாகப் பிடித்துச் சாக்கடையில் கொட்டுகிறவரை என்ன செய்வீர்கள்? வாளியைப் பிடுங்க முடியாது. அவர்தான் வீட்டுக்குப் பெரியவர்.

வீட்டோடு நின்றால் பரவாயில்லை. இவர் கையில் வாக்கிடாக்கி கிடைக்கும்போதுதான் இந்த இனம் முழு வளர்ச்சி அடைகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஸ்டானிஸ்லாஸ். செந்தூல்காரர், வயது எழுபது. "டெலிபோன் லைன்ல முப்பத்திரண்டு வருஷம்" என்று தொடங்குவார். ஸ்டோரில், ஏணியும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் என்பதைச் சொல்லமாட்டார். இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி, ஒரு போன், ஒரு பவர்பேங்க், கழுத்தில் விசில். விசில் எதற்கு என்று கேட்டால், "பேக்கப்" என்பார். கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறிக் கிள்ளான் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போனில் எத்தனை சிக்னல் கோடு தெரிகிறது என்று பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரருக்கும் அறிவிப்பார். கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி என்று எங்கே கூட்டம் என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் கருவியோடு வந்துவிடுவார் என்பதால் கூப்பிட்டுவிடுவது மரியாதை.

கிள்ளானில் ஒரு மாதா கோவில் திருவிழா. தேர்ப்பவனி அன்று மாலை தேர் வாசலைத் தாண்டியதும் ஐயாயிரம் பேர் ஐயாயிரம் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நேரலை காட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அந்த வட்டாரத்தில் யாரும் யாரையும் போனில் பிடிக்க முடியாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையிலிருந்து பதினான்கு வாக்கிடாக்கிகளை வாடகைக்கு எடுத்தார்கள். அதனால்தான் ஸ்டானிஸ்லாஸையும் எடுக்கவேண்டியதாயிற்று.

அவரைத் திருவிழாக் கமிட்டியில் எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், மகதலேனா ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அறுபத்தெட்டு வயது. பராமரிப்புப் பயிற்சி முடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, ஊசி நேரம் பார்த்தவள். திருவிழாவில் முதலுதவிக் கூடாரம் அவளுடைய பொறுப்பு. அவளுக்குப் பேசப் பிடிக்காது. பேசுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

ஸ்டானிஸ்லாஸ் ஒரு தாளை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே சேனல். ஆள் ஆளுக்கு அழுத்தினா ஒண்ணும் கேக்காது. அதனால ஒரு மணி நேரத்தைப் பிரிச்சிருக்கேன். உங்க நேரத்துல நீங்க மட்டும் பேசலாம். மத்த நேரம் ஸ்டேண்ட்பை."

ஒவ்வொரு குழுவுக்கும் கால் சைன் என்று ஒரு பெயரும் வைத்திருந்தார். எல்லாம் விவிலியப் பெயர்கள். முதலுதவிக்கு வைத்தியரான லூக்கா. பார்க்கிங்குக்குச் சந்தேகப்பட்ட தோமா, ஏனென்றால் இடமில்லை என்று சொன்னால் வருகிறவர்கள் யாரும் நம்புவதில்லை. தமக்கென்று, செய்தி கொண்டுவரும் வானதூதர் கபிரியேலின் பெயரை எடுத்துக்கொண்டார். கபிரியேல் வந்தார், சொல்லவேண்டியதைச் சொன்னார், போய்விட்டார் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வாசல் பொறுப்பு ரயனுக்கு. வங்கியில் வேலை செய்கிறவன், கணக்கில் கெட்டி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், கேட்டுக்குப் பதினாலு நிமிஷம். மத்த நாப்பத்தாறு நிமிஷத்துல வண்டி வந்தா?"

"ஸ்டேண்ட்பை பண்ணச் சொல்லு."

"வண்டியையா?"

"எல்லாரையும்லா."

வாசலுக்குப் பதினான்கு நிமிஷம், தேருக்குப் பன்னிரண்டு, சாப்பாட்டுக்கு ஒன்பது, பாடகர் குழுவுக்கு ஆறு, பார்க்கிங்குக்குப் பதினெட்டு. கடைசி வரியில் முதலுதவிக்கு ஒன்று. ஒவ்வொரு மணியின் ஐம்பத்தொன்பதாவது நிமிஷம்.

மகதலேனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். ஒன்றுதான்.

"எப்படி வந்துச்சு இந்தக் கணக்கு?"

"நல்ல கேள்வி சிஸ்டர். போன ஞாயித்துக்கிழமை ஒத்திகையில யார் யாரு எத்தனை தடவ பேசினாங்கன்னு எண்ணி வச்சோம். பார்க்கிங் ஐம்பத்திரண்டு. கேட் நாப்பத்தொண்ணு. ஃபர்ஸ்ட் எய்ட் ஸீரோ."

"ஒத்திகையில யாரும் மயங்கலையே அண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு டிமாண்டே இல்ல. ஸீரோதான் குடுத்திருக்கணும். உங்க முகத்துக்காக ஒரு நிமிஷம் போட்டேன்."

கமிட்டி சிரித்தது. மகதலேனா தாளை மடிக்கப் பார்த்தாள். லேமினேட் மடியவில்லை.

அந்த அறுபது நிமிஷத்தில் ஸ்டானிஸ்லாஸுக்கு எத்தனை என்று நீங்கள் கேட்கலாம். தாளில் இல்லை. சட்டம் போடுகிறவர் தமக்கும் ஒரு வரி ஒதுக்கியதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

திருவிழா அன்று ஆறு மணிக்குத் தேர் புறப்பட்டது. மேடை ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் சார்ஜரில் உபரியாக ஒரு வாக்கிடாக்கி, மேசைக்குப் பின்னால் கபிரியேல். இருபது அடி தள்ளி முதலுதவிக் கூடாரம். மகதலேனா உள்ளே உட்கார்ந்து, கருவியை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க ஒருவர்தான் இருந்தார்.

"கபிரியேல் டு ஆல் யூனிட்ஸ். சேனலைக் காலியா வைங்க. திரும்பச் சொல்றேன், காலியா வைங்க. யாரோ இப்ப இருமினது கேட்டுச்சு. இருமறப்போ பொத்தான்ல கை இருக்கக்கூடாது. ஓவர்."

ஒரு மூச்சு.

"கபிரியேல் டு ஆல் யூனிட்ஸ். ரொம்ப நல்லாருக்கு. இப்படியே அமைதியா இருங்க. ஏன் அமைதியா இருக்கணும்னா..."

ஏன் என்பதற்கு நான்கு நிமிஷம்.

இந்தக் கருவியின் குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு வேறு யாருடைய குரலும் கேட்காது. இன்னொருவரும் அதே நேரத்தில் அழுத்தினால் மற்றவர்கள் காதில் கரகரப்பு மட்டும்தான் விழும். ஆக, விரலை எடுக்காதவருக்கு உலகம் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

ஆறு இருபத்தொன்றுக்குக் கரகரப்புக்கு நடுவில் சமந்தாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. சமந்தா பாலர் பள்ளி ஆசிரியை, ஐம்பது வயது, முதலுதவிப் பையோடு பவனியில் நடந்துபோகிறவள்.

"...விழுந்துட்டாரு... தம்புசாமி அங்கிள்... பின் சந்துல..."

தம்புசாமியை மகதலேனாவுக்குத் தெரியும். காப்பாரிலிருந்து வருகிறவர், முன்னாள் லோரி ஓட்டுநர். இந்து. ஆனாலும் இருபது வருஷமாக விரதம் இருந்து இந்தத் தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார். கோவிலின் பின் சந்துக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடைக் காண். வளைவு திரும்பினால் தேர் அந்தச் சந்துக்குள்தான் நுழையும். பின்னால் தள்ளிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு, கீழே ஓர் ஆள் கிடப்பது தெரியாது.

"கபிரியேல் டு லூக்கா" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இப்ப தேர் நேரம் ஓடுது. உங்க நேரம் ஐம்பத்தொன்பது. இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. ஸ்டேண்ட்பை. ஓவர்."

மகதலேனா பொத்தானை அழுத்தினாள். "அண்ணே, ஆள் விழுந்திருக்கு. சேனல விடுங்க. தேர நிறுத்தணும்."

"யாரு பேசறது? கால் சைன் சொல்லாம பேசக்கூடாது. ஓவர்."

"மகதலேனா."

"கால் சைன் சிஸ்டர், கால் சைன். நீங்களே இப்படிப் பண்ணா மத்தவங்க என்ன கத்துப்பாங்க? கபிரியேல் டு ஆல் யூனிட்ஸ். இப்ப நடந்தது ஒரு நல்ல உதாரணம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்? யாருக்கும் ஒண்ணும் கேக்காது. இதைத்தான் நான் மீட்டிங்ல..."

பாடகர்கள் சரணம் மாற்றினார்கள். அந்தச் சரணம் பாடும்போதுதான் தேர் வளைவு திரும்பும்.

இந்த இடத்தில் உங்களில் பலர் ஓடிப்போய் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். சண்டைக்கு மூன்று நிமிஷம் ஆகும். அவர் விளக்கத்துக்கு ஆறு. மகதலேனா சண்டை போடவில்லை. முதியோர் இல்லத்தில் கமலநாதன் என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். நினைவு போனபிறகு வராந்தாவில் இருந்த சுவிட்சையெல்லாம் அணைத்துக்கொண்டே போவார். மற்றவர்களின் ஃபேன் நிற்கும், ஆக்சிஜன் கருவி நிற்கும். கையைப் பிடித்தால் அடிப்பார். மகதலேனா ஒருநாள் பழைய பலகை ஒன்றில் ஆறு சுவிட்சைப் பொருத்தி, எந்தக் கம்பியும் இல்லாமல், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். அன்றிலிருந்து அவர் முழுநேரமும் மின்சாரம் மிச்சம் பிடித்தார். இல்லம் நிம்மதியாக இருந்தது.

இருபது அடி நடந்தாள். சார்ஜரிலிருந்து உபரிக் கருவியை எடுத்து, அதன் தலையிலிருக்கும் சேனல் குமிழை ஒன்றாம் எண்ணிலிருந்து எட்டுக்குத் திருப்பினாள்.

"அண்ணே, உங்க பேட்டரி கம்மியாகுது. இந்தாங்க, இது ஃபுல் சார்ஜ்."

ஸ்டானிஸ்லாஸ் பேச்சை நிறுத்தாமலே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டார். "தேங்ஸ் சிஸ்டர். பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் டீம்வொர்க்." பிறகு எட்டாம் சேனலில் தொடர்ந்தார். "கபிரியேல் டு ஆல் யூனிட்ஸ்..."

முதலாம் சேனலில் அன்று முதன்முறையாக அமைதி உண்டாயிற்று.

"திமோத்தி, தேர நிறுத்துங்க. சந்துல ஆள் விழுந்து கிடக்குது."

தேர் பொறுப்பாளர் திமோத்தி உடனே பதில் சொன்னார். "நிறுத்தியாச்சு அக்கா. வளைவுலயே நிக்குது."

"ரயன், பின் கேட்டைத் திற. வீல்சேரும் ஆம்புலன்ஸும் அந்த வழியா."

"தொறந்துட்டேன் ஆன்டி."

"சமந்தா, முழிச்சிருக்காரா?"

"முழிச்சிருக்காரு, ஆனா என்னமோ உளறுறாரு. சட்டையெல்லாம் வேர்வை. கை நடுங்குது. வெயிலா இருக்குமோ?"

"ஆறரை மணிக்கு என்ன வெயில். கூட யாரு?"

"சீதாலெட்சுமி ஆன்டி. காலையில இன்சுலின் போட்டாராம். விரதம்னு ஒண்ணும் சாப்பிடலையாம்."

"ரத்தத்துல சீனி கொறஞ்சிருச்சு. குடுத்தா முழுங்குறாரா பாரு."

"முழுங்குறாரு."

"சாப்பாட்டுக் கடையில சிரப் தண்ணி இருக்கும். ஒரு கிளாஸ், கொஞ்சங் கொஞ்சமா. உக்காரவச்சுக் குடு. நான் வரேன்."

எண்ணிப் பாருங்கள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷத்துக்குமேல் சில விநாடிகள்தான். ஒதுக்கிய ஒரு நிமிஷமே அவளுக்கு ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது. எந்த ஒரு நிமிஷம் என்பதில்தான் தகராறு.

மகதலேனா போய்ச் சேரும்போது தம்புசாமி சுவரில் சாய்ந்து, சிரப்பால் வாயெல்லாம் சிவப்பாக, இரண்டாவது கிளாஸில் இருந்தார். சீதாலெட்சுமி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அதுவே நல்ல அறிகுறி. கவலை தீர்ந்தால்தான் மனைவிமார் திட்டத் தொடங்குவார்கள்.

"தேர் போயிருச்சா?" என்றார் தம்புசாமி.

"உங்களுக்காக வளைவுல நிக்குது. முதல்ல இந்த பிஸ்கட்ட சாப்பிடுங்க."

"விரதம்மா."

"ஊசியையும் சேத்து விரதம் இருந்திருக்கணும், டாக்டரக் கேட்டுட்டு. இப்ப சாப்பிடுங்க. மாதா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

சாப்பிட்டார். வீல்சேரில் உட்காரவைத்து வளைவுக்குத் தள்ளிக்கொண்டு போய், வடத்தில் கையை வைக்கச் சொல்லி, அப்படியே பின் கேட் வழியாக ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினாள். நேரத்தைக் குறித்துக்கொண்டாள். கையைக் கழுவினாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் எட்டாம் சேனலில் என்ன ஆயிற்று?

கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அன்று அங்கே ஜெய்னுதீன் என்கிற துணிக்கடைக்காரர் வீட்டு நிக்காஹ் விருந்து. பார்க்கிங், பிரியாணி, வரவேற்பு எல்லாவற்றுக்கும் அவரே ஆறு வாக்கிடாக்கி வாங்கி, அவரே கண்காணித்துக்கொண்டிருந்தார். அவர் ஆட்கள் அரை மணி நேரத்துக்கு முன்பே கருவிகளை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டு மூடிவிட்டு, ஆளுக்கு ஆள் கைசாடையில் வேலை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாரிடமிருந்தும் பதில் வராத எட்டாம் சேனலில் ஜெய்னுதீன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே வந்து சேர்ந்தார் கபிரியேல்.

"எல்லாரும் லைனைக் காலியா வைங்க" என்றது ஜெய்னுதீனின் குரல். "தேவையில்லாம யாரும் பேசாதீங்க. ஓவர்."

ஸ்டானிஸ்லாஸின் முகம் மலர்ந்தது. "கபிரியேல் டு தோமா. வெரி குட். பார்க்கிங்ல இப்பதான் சரியான ஆள் போட்டிருக்காங்க. இதையே எல்லாருக்கும் சொல்லுங்க. ஓவர்."

"யாரு கபிரியேல்? கேட்டரிங்கா? சரி பரவால்ல, ஒழுங்காப் பேசறீங்க. நீங்களும் லைனைக் காலியா வைங்க. ஓவர்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஓவர்."

"ஆமா, அதான் முக்கியம். ஓவர்."

ஒன்றரை மணி நேரம். தேர் நிலைக்கு வந்தது, பூசையில் நற்கருணை கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது, மண்டபத்தில் மூன்றாம் பந்தி முடிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேசாமலிருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸிடம் வாங்கிய கருவியை எட்டுக்குத் திருப்பிக் கேட்டபடி கூடாரத்தில் கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்த மகதலேனா, இரண்டு மனிதர்கள் இவ்வளவு முழுமையாக ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை. அவள் கேள்விப்பட்டவரை, இப்போது அவர்கள் நல்ல நண்பர்கள். போனிலும் ஓவர் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. ஸ்டானிஸ்லாஸ் இன்னொரு தாளை லேமினேட் செய்து கொண்டுவந்தார்.

"ஆறு இருபத்துநாலுக்கு அப்புறம் ஒரே ஒரு விதிமீறல் இல்ல. ஒருத்தர்கூடக் குறுக்க பேசல. முப்பத்திரண்டு வருஷத்துல இவ்வளவு சுத்தமான சேனலை நான் பாத்ததில்ல."

ரயன் மேசைக்கு அடியில் சமந்தாவின் காலை மிதித்தான். சமந்தா கூரையைப் பார்த்தாள். திமோத்திக்கு இருமல் வந்தது. கையில் பொத்தான் இல்லாததால் பிழைத்தார்.

"அப்புறம் சிஸ்டர், உங்க பக்கம் ஒரு கேஸ் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். ஸீரோவிலேருந்து ஒண்ணு. அதனால அடுத்த வருஷம் உங்களுக்கு ரெண்டு நிமிஷம். டபுள்."

எல்லாரும் மகதலேனாவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு செந்தூலுக்குப் போய்விடுவார். அந்த மேசைக்கு வேறு ஒருவர் வருவார், அவரும் இதே இனமாகத்தான் இருப்பார், அவரைப் பழக்க இன்னொரு திருவிழா ஆகும். தெரிந்த நோயாளியை வைத்துக்கொள்வதே மேல் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு நிமிஷம் தாராளம் அண்ணே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அடுத்த வருஷத்துலேருந்து பேட்டரி மாத்துற வேலைய என்கிட்டயே குடுத்துருங்க."

"பாத்தீங்களா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ் கமிட்டியிடம். "கேக்காமலே பொறுப்பு எடுத்துக்கிறாங்க."

ஒருமனதாக நிறைவேறியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போகிற போக்கில் ஒரு கேள்வி. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தேவையில்லாத செய்திகளை இங்கே போடவேண்டாம் என்று போன வாரம் மூன்று முறை செய்தி போட்டது யார்? அதற்குக் கீழே கட்டைவிரல் படம் போட்ட பதினேழு பேருக்கும் நன்றி சொல்லித் தனித்தனியாகப் பதினேழு செய்தி அனுப்பியது யார்?

இருக்கட்டும். உங்கள் வீட்டில், ஆபீஸில், சங்கத்தில், கொஞ்ச காலமாக எல்லாரும் நீங்கள் சொன்னபடியே நடக்கிறார்களா? யாரும் குறுக்கே பேசுவதில்லையா? நீங்கள் விளக்கினால் அமைதியாகக் கேட்கிறார்களா? வேலைகளும் எப்படியோ, உங்களைக் கேட்காமலேயே, ஒழுங்காக நடந்து முடிகின்றனவா?

அப்படியென்றால் உங்கள் கையில் இருக்கும் கருவியின் தலையைத் திருப்பி, குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.